வீவக வீட்டில் பூனை: வலை கட்ட வேண்டிய இடங்களும் கட்டும் முறையும்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின்) அடுக்குமாடி வீட்டுக்குப் பூனையைக் கூட்டி வருகிற நாளுக்கு முன்பே ஜன்னல்களுக்கும் வாசல் கேட்டுக்கும் வலை கட்டி முடித்துவிட வேண்டும். "முதலில் பூனை பழகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். புது வீட்டுக்கு வந்த பூனை மிரண்டு போயிருக்கும். ஒளிந்துகொள்ள இடம் தேடும், வெளியே போக வழி தேடும். அந்த முதல் சில நாள்கள்தான் ஆக ஆபத்தானவை.

நான் பல ஆண்டுகள் கிரில் பட்டறையில் வேலை பார்த்தவன். சிங்கப்பூரின் ஈசூனில் பதினோராவது மாடியில் இரண்டு பூனைகளோடு குடியிருக்கிறோம். அக்கம்பக்கத்தில் யாராவது பூனை வளர்க்கத் தொடங்கினால், "அண்ணே, எங்க ஜன்னலைக் கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிடுவார்கள். அப்படிப் போய்ப் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் ஒரே கதைதான். வரவேற்பறை ஜன்னலுக்கு அழகாக வலை கட்டியிருப்பார்கள். சமையலறை ஜன்னல் திறந்து கிடக்கும். கழிவறையின் சின்ன ஜன்னலை யாரும் கணக்கிலேயே எடுத்திருக்க மாட்டார்கள். வாசல் கேட்டில் பூனை தாராளமாக நுழைந்து போகிற அளவுக்கு இடைவெளி இருக்கும். பூனைக்கு ஒரு வழி போதும். ஒன்பது ஜன்னலை அடைத்துப் பத்தாவதை விட்டால் அந்த வீட்டுக்கு வலை கட்டவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

2024 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரில் வீவக வீட்டில் பூனை வளர்க்க அனுமதி உண்டு. ஒரு வீட்டுக்கு இரண்டு பூனை. உரிமம் எடுக்க வேண்டும், மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கிற அடையாளச் சில்லு) பொருத்த வேண்டும். ஏற்கெனவே வளர்ப்பவர்கள் உரிமம் எடுத்துக்கொள்ள 2026 ஆகஸ்ட் 31 வரை இடைக்காலம் கொடுத்தார்கள். தடை இருந்த காலத்தில் கழகத்துக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து, வெளியிலிருந்து தெரிகிற மாதிரி வலை கட்டாமல் விட்டவர்கள் உண்டு. இனி அந்தப் பயத்துக்கு இடமில்லை. பூனை வெளியே திரியாமலும் விழாமலும் பார்த்துக்கொள்வது இப்போது வளர்ப்பவரின் கடமை. வலை கட்டச் சொல்லி தேசியப் பூங்காக் கழகமே பரிந்துரைக்கிறது.

பூனை ஏன் விழுகிறது

"பூனைக்குத் தெரியாத உயரமா?" என்று கேட்பவர்கள் அதிகம். உயரம் தெரியும். ஆனால் பூனை குதிக்க வேண்டும் என்று தீர்மானித்து விழுவதில்லை. மைனாவோ அந்துப்பூச்சியோ கண்ணில் பட்டால் அதற்கு உலகம் மறந்துவிடும். உடம்பு தானாகப் பாயும். நகம் மரத்தைப் பிடிக்கும். அலுமினியச் சட்டத்தையும் ஓடு பதித்த விளிம்பையும் பிடிக்காது. வெயில் படுகிற விளிம்பில் தூங்கிப் புரண்டு விழுவதும் உண்டு. பெரிய சத்தம் கேட்டு மிரண்டு ஓடி விழுவதும் உண்டு.

"எப்படி விழுந்தாலும் பூனை நாலு காலில் நிற்கும்" என்ற பேச்சை நம்பி இருக்காதீர்கள். காற்றில் உடம்பைத் திருப்பிக் காலை ஊன்றுகிற திறமை பூனைக்கு உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் கால் ஊன்றிய பிறகும் வேகம் நிற்காது. மார்பு தரையில் மோதும், தாடை மோதும். நுரையீரல் நசுங்குவது, மார்புக்குள் காற்றுக் கசிவது, மேலண்ணம் பிளப்பது, கால் எலும்பு முறிவது எல்லாம் அப்படி வருபவை. மாடியிலிருந்து விழுந்த பூனைகளிடம் இந்தக் காயங்கள் திரும்பத் திரும்பச் சேர்ந்தே வருவதால் மருத்துவர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

நியூயார்க்கில் 1984இல் ஐந்து மாதத்தில் ஒரே விலங்கு மருத்துவமனைக்கு இப்படி 132 பூனைகள் வந்தன. சிகிச்சை பெற்றவற்றில் சுமார் 90 விழுக்காடு பிழைத்தன என்று அங்குள்ள மருத்துவர்கள் 1987இல் ஒரு கட்டுரையில் எழுதினார்கள். ஏழு மாடிக்கு மேல் இருந்து விழுந்தவற்றுக்குக் காயம் குறைவு என்றும் அந்தக் கட்டுரை சொன்னது. இதைப் பிடித்துக்கொண்டு, "உயரமாக இருந்தால் பூனைக்கு நல்லது" என்று சொல்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். விழுந்த இடத்திலேயே செத்துப்போன பூனையை யாரும் மருத்துவமனைக்குத் தூக்கிப் போவதில்லை, அதனால் அது அந்தக் கணக்கில் வரவில்லை. இதை யோசித்தால் அந்தப் பேச்சு அடங்கிவிடும். குரோவேஷியாவின் சாக்ரெப் நகரில் 119 பூனைகளை ஆராய்ந்து 2004இல் வெளியான கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: விழுந்தவற்றில் ஏறக்குறைய 60 விழுக்காடு ஒரு வயதுகூட ஆகாத குட்டிகள். குட்டி எடுக்கிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மூன்றாவது மாடிக்காரர்களும் தப்பித்தோம் என்று இருக்க வேண்டாம். அந்த உயரமே மார்பு உடையப் போதும்.

வீட்டைச் சுற்றிப் பாருங்கள்

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வாசலில் தொடங்குங்கள். முட்டி போட்டு, பூனையின் கண் இருக்கிற உயரத்திலிருந்து பார்க்க வேண்டும்.

வாசல் கேட்தான் வீவக வீட்டில் மறக்கப்படுகிற முதல் இடம். கதவைத் திறந்து வைத்து, கேட்டை மட்டும் பூட்டிக்கொண்டு காற்று வாங்குவது நம் பழக்கம். கேட் கம்பிக்கு இடையில் புகுந்து பூனை தாழ்வாரத்துக்கு வரும். எதிரே இடுப்புயரச் சுவர். ஒரே தாவலில் அதன் மேல் ஏறி நிற்கும். அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. அந்த நேரம் மின்தூக்கியிலிருந்து யாராவது இறங்கி வந்தாலோ, அண்டை வீட்டு நாய் குரைத்தாலோ போதும். கேட்டின் அடியிலிருந்து பூனை எட்டுகிற உயரம் மட்டும் என்று பாதியில் நிறுத்தாமல், உச்சி வரை வலை கட்டுங்கள். பூனை வலையைப் பிடித்தே ஏறிவிடும். கேட்டின் அடியில் தரைக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள்.

அடுத்து சமையலறையும் அதை ஒட்டித் துணி காயப்போடுகிற இடமும். மூங்கில் கம்பை வெளியே நீட்ட ஜன்னலை அகலத் திறக்கிறோம். சட்டை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டிருக்கும்போது பூனை சலவை இயந்திரத்தின் மேல் ஏறி, அங்கிருந்து ஜன்னல் விளிம்புக்குப் போய்விடும். நாம் பக்கத்திலேயே நிற்போம், கையில் ஈரத்துணி இருக்கும், பிடிக்க முடியாது. துணி போடும் நேரத்தில் பூனையை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவதைத் தவிர இதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கழிவறை ஜன்னல் சின்னதாக, மேலே இருக்கும். மேல்புறக் கீலில் சாய்ந்து திறக்கிற கண்ணாடியோ, பட்டை பட்டையாகத் திருப்புகிற கண்ணாடியோ இருக்கும். தண்ணீர்த் தொட்டி மூடியில் ஏறினால் அங்கே எட்டிவிடலாம். கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே குட்டிப் பூனை நுழையும். சில பழைய வீடுகளில் பட்டையே தளர்ந்து உருவிக்கொண்டு வரும். அங்கேயும் உள்பக்கம் வலை வேண்டும்.

படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே குளிர்சாதனப் பெட்டி வைக்கிற திட்டு இருந்தால் கூடுதல் கவனம் தேவை. பூனைக்கு அது உலாவப் போகிற இடமாகத் தெரியும். இறங்கிவிட்டால் திரும்பி ஏறத் தெரியாமல் கத்தும். எட்டிப் பிடிக்கப் போகிற மனிதருக்கும் அங்கே உயிராபத்து.

எந்த வலை

இடைவெளிதான் முதல் கேள்வி. உங்கள் முஷ்டி நுழைகிற இடத்தில் பூனையின் தலை நுழையும். தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். வளர்ந்த பூனைக்கு 5 செ.மீ.க்குக் குறைவான இடைவெளி வேண்டும். குட்டி இருந்தால் 2.5 செ.மீ. நான் எல்லாருக்கும் 2.5 செ.மீ. என்றே சொல்கிறேன். பூனை வளர்ந்துவிடும் என்பது சரி, ஆனால் அடுத்து ஒரு குட்டி வந்தால் யார் மறுபடி பிரித்துக் கட்டுவது?

கொசுவலை போதாது. அதன் இழை காற்றையும் பூச்சியையும் தாங்கச் செய்தது. காந்தப் பட்டையில் ஒட்டுகிற வலையை என் பூனை கறுப்பி தலையால் ஒரு முட்டு முட்டித் திறந்துவிடும். ஒட்டுநாடாவில் நிற்கிற வலையும் அப்படித்தான். நாலைந்து கிலோ எடையுள்ள பூனை ஓடி வந்து மோதினால் எது தாங்கும் என்று யோசித்து வாங்குங்கள்.

கிரில் இருக்கிற வீட்டுக்கு பிளாஸ்டிக் பூசிய கம்பிவலை நல்ல பலம். பேட்டைக் கடைகளில் சுருளாக வைத்து வெட்டித் தருவார்கள். பூச்சு உரிந்தால் துருப்பிடிக்கும் என்பதுதான் குறை. துருப்பிடிக்காத எஃகு வலை விலை கூட, ஆனால் கடல் காற்றுப் படுகிற ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் பக்கம் இருப்பவர்கள் அதை வாங்குவதே மிச்சம். நைலான் கயிற்று வலை கண்ணுக்கு மெல்லியதாக அழகாக இருக்கும். வெயிலில் நைந்துபோகும், கடிக்கிற பூனை அறுத்துவிடும். கடித்துப் பார்க்கிற பழக்கம் உள்ள பூனைக்கு வேண்டாம்.

கிரில் இல்லாத வீடுகளில் இப்போது மெல்லிய எஃகுக் கம்பிகளை நெடுக இழுத்துக் கட்டுகிற, கண்ணுக்குத் தெரியாத கிரில் போடுகிறார்கள். பிள்ளைகளுக்காகப் போடும்போது கம்பிகளுக்கு இடையே 10 செ.மீ. வரைகூட விடுவது உண்டு. பூனைக்கு அது அகலக் கதவு. வேலைக்கு வருகிறவரிடம் பூனை இருக்கிறது என்று முதலிலேயே சொல்லி, 5 செ.மீ.க்குக் குறைவாகப் போடச் சொல்லுங்கள். கம்பி இழுவை தளராமல் இருக்கிறதா என்று முடித்த அன்றே இரு விரலால் விரித்துப் பாருங்கள். விரிந்தால் பூனையும் விரிக்கும்.

கட்டும் முறை

கிரில் முழுவதற்கும் ஒரே துண்டாக வலையைப் போர்த்திக் கட்டுவதை நான் பல வீடுகளில் அவிழ்த்திருக்கிறேன். கிரில்லில் திறக்கிற பகுதி ஒன்று இருக்கும். அதற்குத் தனித் துண்டு, நிலையான பகுதிக்குத் தனித் துண்டு. அப்படிச் செய்தால்தான் கிரில்லைத் திறந்து மூட முடியும். இல்லையென்றால் ஒரு மாதத்தில் யாராவது அவசரத்துக்கு ஒரு மூலையை வெட்டுவார்கள், அந்த மூலை அப்படியே கிடக்கும். இரண்டு துண்டும் சந்திக்கிற இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஒரு 5 செ.மீ. படியட்டும். கீல் பக்கம் திறக்கும்போது சந்து விரியும், அங்கேயும் இதே மாதிரி.

வலையைக் கிரில்லின் உள்பக்கம் வையுங்கள். வெளிப்பக்கம் வைத்தால் பூனை கிரில் கம்பிகளுக்கு நடுவே போய் உட்காரும், அதன் எடை முழுவதும் வலையில் சாயும். உள்பக்கம் இருந்தால் பூனை தள்ளுகிற வலைக்குப் பின்னால் கிரில் கம்பி தாங்கி நிற்கும்.

வலையைக் கிரில்லோடு சேர்த்துக் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையான கேபிள் டையில் கறுப்பு நிறத்தையே வாங்குங்கள். பொதுவாக வெயிலைத் தாங்கும்படி செய்வது கறுப்புதான், ஆனாலும் பொட்டலத்தில் அப்படிப் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெள்ளை நம் வெயிலில் சீக்கிரம் மொறுமொறுப்பாகி முறியும். மூலையிலிருந்து தொடங்கி ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்று என்று தளர்வாகக் கட்டிக்கொண்டு போய், வலையை இழுத்து நேராக்கி, பிறகு இறுக்குங்கள். அதன்பின் நடுநடுவே இன்னும் போட்டு 10 செ.மீ.க்கு ஒன்று வருமாறு நெருக்குங்கள். கீழ் விளிம்பில் இன்னும் நெருக்கமாக. பூனை வேலை காட்டுவது கீழ் மூலையில்தான். ஒவ்வொரு மூலைக்கும் ஓர் எஃகு டை போட்டுவிடுவது என் வழக்கம். கம்பிவலையின் வெட்டிய முனைகளை மடக்கி வெளிப்பக்கம் பார்க்க வைத்தால் பூனையின் கண்ணிலும் பாதத்திலும் குத்தாது.

டையின் வாலை வெட்டும்போது ஜன்னல் கண்ணாடியை மூடிக்கொண்டு வெட்டுங்கள். முடியாவிட்டால் அடியில் ஒரு துணியைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். குறட்டைக் கயிற்றில் கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். பதினோராவது மாடியிலிருந்து விழுகிற குறடு கீழே நடந்துபோகிறவரைக் கொன்றுவிடும். உடம்பை வெளியே நீட்டிச் செய்ய வேண்டிய வேலை எதையும் நீங்கள் செய்யாதீர்கள், பணிப்பெண்ணிடமும் சொல்லாதீர்கள். பணிப்பெண் ஜன்னலின் வெளிப்பக்கத்தைத் துடைப்பதற்கே, கிரில் பூட்டியிருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் உடனிருந்து பார்க்க வேண்டும் என்பது மனிதவள அமைச்சின் விதி.

கிரில் பூட்டின் சாவியைப் பக்கத்திலேயே, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் மாட்டி, வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். தீ என்று வந்தால் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

கட்டி முடித்ததும் உள்ளங்கையை விரித்து ஒவ்வொரு மூலையையும் உடம்பின் பலம் கொடுத்துத் தள்ளுங்கள். விரல் நுழைகிற சந்து புதிதாகத் தெரிந்தால் அங்கே இன்னொரு டை. அதன்பின் தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது ஒரு முறை, வருட நடுவில் ஒரு முறை இதே மாதிரி சோதிக்க வேண்டும். நகர மன்றம் புளோக்கிற்குச் சாயம் பூசுகிற காலத்தில் அதற்காக வலையைக் கழற்ற நேர்ந்தால், திரும்பக் கட்டுகிற வரை அந்த ஜன்னல் மூடியே இருக்கட்டும்.

கொண்டோமினிய மாடமும் நாய்களும்

மாடம் (பால்கனி) உள்ள கொண்டோமினியத்தில் (தனியார் அடுக்குமாடி வீட்டில்) வெளித்தோற்றத்தை மாற்ற நிர்வாகக் கழகத்தின் ஒப்புதல் வேண்டும். என்ன வடிவம் ஏற்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வேலையைக் கொடுங்கள். ஒப்புதல் வரும்வரை மாடத்துக் கண்ணாடிக் கதவைத் திறக்காதீர்கள். இருபக்கத் தடத்தில் இறங்குகிற மழைத் திரைச்சீலையைக் காட்டி "இது போதாதா?" என்பார்கள். போதாது. கீழ் மூலையை உந்தினால் பூனை வெளியே போய்விடும்.

வீவக வீட்டில் அனுமதிக்கப்பட்ட இன நாய் ஒன்று வளர்க்கலாம், எல்லாம் சின்ன உடம்பு. நாய் பூனை மாதிரி ஏறாது, ஆனால் நாற்காலி, பூந்தொட்டி, சோபாவின் கை என்று படி கிடைத்தால் ஏறும். ஜன்னலையும் மாடக் கைப்பிடியையும் ஒட்டி எதுவும் போடாதீர்கள். மாடக் கண்ணாடிக்கும் தரைக்கும் நடுவே உள்ள சந்து குட்டி நாய் நுழைகிற அளவுக்கு இருக்கலாம், அதையும் அடையுங்கள். வயதான, கண் மங்கிய நாயை மாடத்தில் தனியாக விட வேண்டாம்.

சத்தமும் விருந்தாளிகளும்

தேசிய தினத்துக்கு முந்தைய வாரங்களில் போர் விமானங்கள் ஒத்திகைக்குப் பறக்கும். அந்தச் சத்தத்தில் என் இன்னொரு பூனை மணி கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும். சீனப் புத்தாண்டில் சிங்க நடனத்து மேளம் புளோக்குக்குப் புளோக் வரும். அந்த நேரங்களில் ஜன்னலை மூடி, திரையை இழுத்து, பூனையை உள்ளறையில் வைப்பது நல்லது. தீபாவளிக்கு விருந்தாளிகள் வருவதும் போவதுமாக இருப்பார்கள், கேட் மூடவே மூடாது. காலையிலேயே ஓர் அறையில் மண்தட்டு, தண்ணீர், படுக்கை எல்லாம் வைத்துப் பூனையை அங்கே விட்டு, கதவில் "பூனை உள்ளே, திறக்காதீர்கள்" என்று எழுதி ஒட்டுங்கள். பிள்ளைகள் கூட்டத்துக்கு நேரிலும் ஒரு தரம் சொல்ல வேண்டும்.

விழுந்துவிட்டால்

கீழே ஓடுவதற்கு முன் ஒரு நொடி நின்று, ஒரு துண்டும் பூனைக் கூடையும் எடுத்துக்கொள்ளுங்கள். விழுந்த இடத்திலேயே பூனை கிடக்கும் என்று நினைக்காதீர்கள். வலியோடு ஊர்ந்து ஒளிந்துகொள்ளும். செடிப் புதர், மூடிய கால்வாய், நிறுத்திய காரின் அடி, சைக்கிள் நிறுத்துமிடம் எல்லாம் பாருங்கள். கீழ் மாடிகளின் குளிர்சாதனத் திட்டிலும் விழுந்து கிடக்கலாம்.

கிடைத்ததும் கழுத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள். துண்டை அடியில் நுழைத்து, தட்டையாக எடுத்துக் கூடையில் வையுங்கள். உணவும் தண்ணீரும் கொடுக்க வேண்டாம், அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். வலிக்கு என்று வீட்டில் இருக்கிற பெனடோலைக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு, ஒரு மாத்திரையே கொல்லும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ ஈறு வெளுத்திருந்தாலோ உள்ளே பலமாக அடிபட்டிருக்கலாம், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

எழுந்து நடந்து, ஒன்றும் ஆகாத மாதிரி இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போய் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். பூனை வலியை மறைக்கும். நுரையீரல் காயம் சில மணி நேரம் கழித்துத்தான் மூச்சில் தெரியும். இரவிலும் திறந்திருக்கிற கால்நடை மருத்துவமனை உங்கள் வட்டாரத்துக்குப் பக்கத்தில் எது என்று இன்றைக்கே தேடி, அதன் எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். பூனையின் மைக்ரோசிப் பதிவில் உங்கள் பழைய தொலைபேசி எண் இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். கீழே வேறு யாராவது கண்டெடுத்து மருத்துவரிடம் கொண்டுபோனால், அவர்கள் கூப்பிடப்போவது அந்த எண்ணைத்தான்.